என் பெயரைச் சொல்லாத ஆயரம்மா

செய்தி வந்தபோது நான் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நின்று, எங்கள் ஆலயத்தின் திருவிருந்து மேசைக்கு வெள்ளைத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். கடைக்காரர் நாலு துணியை விரித்துப் போட்டு, நாலும் வேறு வேறு வெள்ளை என்று சாதித்துக்கொண்டிருந்தார். அப்போது ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது.

ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்துக்காரர். காலையில் மீன் விற்பார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பார். அவர் கத்தோலிக்கர், நாங்கள் இல்லை. அதைப் பற்றி இரண்டு தரப்பும் இதுவரை கவலைப்பட்டதில்லை.

"சார், நம்ம அம்மா பூட்டாங்க சார்" என்றார்.

"எந்த அம்மா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் சபையில் அம்மா என்றால் ஒருவர்தான்.

"ஆயரம்மாதான் சார். அடையாறுல, தங்கச்சி வூட்ல. காபி குடிச்சிட்டு சேர்ல உக்காந்துகினு இருந்தாங்களாம். கூப்ட்டா ஏந்துக்கல."

நான் பிடித்திருந்த துணியை விடாமல் அப்படியே நின்றேன் போலிருக்கிறது. கடைக்காரர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க சார். தண்ணி குடிங்க. துணி எங்கயும் போயிராது" என்றார். அவரும் தெற்கத்திக்காரர். அந்தப் பேச்சில் அம்மாவின் ஊர் வாடை இருந்தது. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆயர் சாராள் தங்கமணி அவர்களை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் ஓய்வு பெற்றபின் நம் சபைக்கு வந்த குடும்பங்கள் பல இருக்கின்றன. பெஞ்சுகளில் ஏன் இப்படித் திட்டுத் திட்டாக மங்கியிருக்கிறது, இவ்வளவு நல்ல தேக்கை ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில் வரும்.

பதினாலு வருடத்துக்கு முன் அம்மா எங்கள் மந்தைவெளி ஆலயத்துக்கு ஆயராக வந்தபோது, நான் சபைச் செயலராக இருந்தேன். இன்றும் இருக்கிறேன், வேறு யாரும் அந்த வேலைக்கு வர மாட்டார்கள் என்பதால். தேனாம்பேட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். கோப்பு நகர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அம்மா வந்த முதல் கமிட்டிக் கூட்டத்தில் ஆறு பொருள்களைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவர்கள் அதை வாங்கி மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "மொதல்ல கொஞ்சம் ஜெபிப்போமா?" என்றார்கள். அந்தக் கொஞ்சம் நாற்பது நிமிடம் ஓடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூரை ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. "அம்மா, ஜெபம் பண்ணிட்டே இருந்தா கூரை ஒழுகறது நிக்குமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் மரியாதையாக இல்லை என்று என் மனைவி கிளாரா பிறகு வீட்டில் சொன்னாள்.

அம்மா கோபப்படவில்லை. "நிக்காதுய்யா. ஆனா யாரு தலையில ஒழுகுதுன்னு தெரியும்லா" என்றார்கள்.

அது ஏதோ பேச்சுக்குச் சொன்ன பதில் என்று நினைத்தேன். அது உள்ளபடியே அவர்கள் வேலை செய்யும் முறை என்று தெரிய எனக்கு இரண்டு மாதமானது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூரையை அளக்க ஏணி எடுக்கப் போனேன். ஆலயத்துக்குள் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒன்பதாவது பெஞ்சில் சுவரோரமாக அம்மா தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே யாரும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே, பக்கத்து வீட்டாரோடு பேசுவது போல ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஓரடி தள்ளி அடுத்த இடத்தில் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார்கள். பின்னால் ஸ்டெல்லா தன்பாட்டுக்குத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்குத் தெரியும், நம் கோயிலில் யார் எங்கே உட்கார்வது என்பது எழுதாத சட்டம். யாராவது இடம் மாறி உட்கார்ந்தால் அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு. அம்மா வந்த இரண்டே மாதத்தில் எல்லோர் இடத்தையும் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒவ்வொருவர் இடத்திலும் தாமே போய் உட்கார்ந்து, அங்கிருந்து பீடத்தைப் பார்த்தபடி, அவரவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். நூற்றிச் சொச்சம் இடம். மூன்று மணி நேரம் ஆகும்.

என்னைப் பார்த்ததும், "வாங்கய்யா, இங்கன வந்து உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். "இது பாக்கியநாதன் ஐயா இடம். இப்ப பிரசங்க மேடையப் பாருங்க."

பார்த்தேன். தெரியவில்லை. நடுவில் தூண்.

"பதினஞ்சு வருசமா இந்தப் பெரியவருக்குப் பிரசங்கம் பண்ணுத ஆளு மொகமே தெரியல. யாருகிட்டயும் சொல்லல பாருங்க. எனக்கும் இங்கன வந்து உக்காந்து அவரு பேரச் சொன்ன பெறகுதான் தெரியுது" என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா மேடையில் ஏறவில்லை. கீழே இறங்கி, தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பிரசங்கித்தார்கள். மேடை எதற்குக் கட்டியிருக்கிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாக்கியநாதன் ஐயா அன்றிலிருந்து சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஐப்பசியில் கூரைப் பிரச்சினை முற்றியது. முன்வரிசைக்காரர்கள் சிலர் முதலில் குளிர்சாதன வசதி வேண்டும், கூரையை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். வாக்கெடுப்பு நடத்தினால் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். நான் ஒரு நீளமான அறிக்கை தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா அதைப் படிக்கவே விடவில்லை. கூட்டத்தை அலுவலக அறையில் வைக்காமல் ஆலயத்துக்குள் வைத்தார்கள். வெளியே நல்ல மழை. "இன்னிக்கு ஆளாளுக்கு வேற ஒருத்தர் இடத்துல உக்காந்து, அவங்க பேரச் சொல்லி ஒரு அஞ்சு நிமிசம் ஜெபிங்க. பெறகு பேசுவோம்" என்றார்கள்.

குளிர்சாதனம் வேண்டும் என்றவர்களில் ஒருவருக்குத் தையல் வேலை செய்யும் ரோஸ்லின் இடம் கிடைத்தது. கண்ணை மூடி, "ஆண்டவரே, சகோதரி ரோஸ்லினுக்காக..." என்று தொடங்கியவரின் வழுக்கை மேல் சொட்டென்று விழுந்தது. துடைத்தார். மறுபடி விழுந்தது. ஐந்து நிமிடமும் அந்த மனிதர் நகரவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்தபோது, "இந்தப் பொண்ணு வாராவாரம் இப்படியேவா உக்காந்திருக்கு?" என்று கேட்டார். கூட்டம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறேன். என் அறிக்கை இன்னும் வீட்டில் கிடக்கிறது.

அம்மாவிடம் குறை இல்லாமல் இல்லை. பிரசங்கம் சுமார்தான். பாட்டு அதைவிட மோசம், சுருதி அவர்கள் பக்கம் வரவே பயப்படும். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி என் தொண்டை வற்றியது. ஆலயச் சாவியை வாரத்துக்கு ஒரு தடவை தொலைத்துவிட்டு, ஆட்டோவிலேயே வைத்துவிட்டேனோ என்று எனக்குப் போன் செய்வார்கள். இந்த அம்மாவுக்கு எப்படித் தலைமைப் பொறுப்பு கொடுத்தார்கள் என்று முதல் வருடம் முழுக்கக் கிளாராவிடம் புலம்பியிருக்கிறேன். ஒருமுறை அவர்களிடமே கேட்டேன், உட்கார்ந்து ஜெபித்தால் எல்லோருடைய கஷ்டமும் தெரிந்துவிடுமா என்று.

"எங்கய்யா தெரியும்? பாதிப் பேருக்கு என்ன கேக்கணும்னே தெரியாது. எனக்குத் தெரியல ஆண்டவரேன்னு சொல்லிட்டு அடுத்த இடத்துக்குப் போவேன். சனிக்கெழம எனக்குத் தெரியாததுதான் திங்கக்கெழம என் வேலை" என்றார்கள்.

திங்கட்கிழமை அவர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் அதற்கு இதுதான் காரணம். கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். "நாலாவது பெஞ்சுல உக்காந்து கிளாரா பேரச் சொல்லும்போது மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று கேட்டார்கள். கிளாராவுக்கு அப்போது ஒரு மாதமாக அசதி. என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. மறுநாள் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ரத்தத்தில் நோய்.

அடுத்த பத்து மாதத்தைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனமில்லை. சபை முழுவதும் சங்கிலி ஜெபம் வைத்தது. மணிக்கு ஒருவர் என்று பட்டியல் போட்டு, இரவு பகலாக ஒருவர் மாற்றி ஒருவர் அவளுக்காக மன்றாடினார்கள். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். ஒரு மணி நேரம்கூட இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிளாரா இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கு முன்பே தெரியும், ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அம்மா, நீங்க எப்ப வேணா வரலாம். காபி குடிக்கலாம். சபை வேலையையும் நான் விட மாட்டேன். ஆனா இனிமே எனக்காக ஜெபம் வேண்டாம். என் பேரை ஆண்டவர்கிட்ட சொல்லாதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க" என்றேன்.

வாதாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பதில் சொல்ல வாக்கியங்கள் தயாராக இருந்தன. அவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிறகு, "சரிய்யா. நீங்களாச் சொல்லுத வரைக்கும் ஒங்க பேர என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார்கள். காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டைக்கு ஆள் இல்லாத கோபம் அது.

அதன் பிறகு நாலாவது பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை. பின்கதவருகே நின்றுகொள்ள ஆரம்பித்தேன். ஆள் எண்ண வேண்டும், பேருந்து சத்தம் வந்தால் கதவைச் சாத்த வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். திறந்து கிடக்கும் ஒற்றைக் கதவில் சாய்ந்தபடி எட்டு வருடமாக ஆராதனையை நின்றே முடிக்கிறேன்.

அம்மா வாக்குத் தவறவில்லை. ஞாயிறுதோறும் மன்றாட்டு நேரத்தில் எத்தனையோ பெயர் வரும். நோயாளிகள், தேர்வு எழுதுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், சபையில் பொறுப்பில் இருப்பவர்கள். பொருளாளர் பெயர் வரும், பாடகர் குழுத் தலைவர் பெயர் வரும். செயலர் என்ற இடத்தில் அம்மா ஒரு மூச்சு விடுவார்கள். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். முதல் சில மாதம் அதில் எனக்கு ஒரு வெற்றி உணர்வுகூட இருந்தது. அப்புறம் அந்த ஒரு மூச்சுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். இந்த வாரமாவது வாய் தவறி வந்துவிடாதா என்று ஏங்கினேன். வாக்கு வாங்கியவன் நான். திருப்பிக் கொடுக்க ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

இனி அந்த வார்னிஷ் கதை. ஆறு வருடத்துக்கு முன், சபை நாள் ஆராதனைக்காகப் பெஞ்சுகள், கதவுகள் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடிக்க ஆள் பிடித்தேன். அவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலை வந்தார். மதியம் முடித்துவிட்டுப் போனார். நான் பொறுப்பாக வாட்ஸ்அப் குழுவில், இன்று யாரும் ஆலயத்துக்குள் வர வேண்டாம் என்று போட்டேன். அம்மா வாட்ஸ்அப் பார்ப்பதே இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நாலு மணிக்கு அம்மா வந்திருக்கிறார்கள். ஜலதோஷம், வாசனை தெரியவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தபோது புடவை லேசாக ஒட்டியிருக்கிறது. வேர்வை என்று நினைத்தார்களாம். நாலைந்து இடம் தாண்டிய பிறகு, பெருக்க வந்த ஸ்டெல்லா சொல்லித்தான் விஷயம் புரிந்திருக்கிறது. அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. நூற்றிச் சொச்சம் இடத்திலும் உட்கார்ந்து எழுந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை பெஞ்சுகளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பளபளக்கும் தேக்கில், ஒவ்வொருவர் இடத்திலும் ஒரு மங்கிய வட்டம். குனிந்து பார்த்தால் கைத்தறிப் புடவையின் நெசவு நூல் நூலாகப் பதிந்திருந்தது. "ஏன்மா, தெரிஞ்ச பிறகாவது எழுந்து போயிருக்கலாமே?" என்று கத்தினேன்.

"பாதியில எந்திரிச்சுப் போனா, இந்த வாரம் பின்னால இருக்குதவங்க பேர யாருய்யா சொல்லுவா?" என்றார்கள். "புடவைதான் போச்சு."

சபையில் பலருக்கு அன்றுதான் விஷயமே தெரியும். அதுவரை சனிக்கிழமை அம்மா என்ன செய்கிறார்கள் என்பது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொருவரும் தம் இடத்துக்கு வந்து, தடத்தைப் பார்த்து, உட்காரத் தயங்கி நின்றார்கள். ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த கமிட்டியில், பெஞ்சுகளைத் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று நான் கொண்டுவந்த தீர்மானத்துக்கு என்னைத் தவிர ஒரு கைகூட எழவில்லை. என் காலத்தில் ஏகமனதாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

அன்று ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, நான் நாலாவது பெஞ்சுக்குப் போனேன். கிளாராவின் இடமும் அதன் பக்கத்தில் என் பழைய இடமும் கண்ணாடி போலப் பளபளத்தன. ஒரு கீறல்கூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பளபளப்பைப் பார்த்து எனக்கு வந்த வலியை யாரிடமும் சொன்னதில்லை. நூற்றிச் சொச்சம் பேருக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை.

அதற்கடுத்த வருடம் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்தபடி போனில் ஆராதனையைப் பார்த்தேன். மன்றாட்டில் நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒரு மூச்சு. அடுத்த பெயர். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். மறுநாள் ஸ்டெல்லா கதவைத் தட்டி ஒரு பாத்திரத்தை நீட்டினார். "அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க சார். சங்கரா. முள்ளு கம்மியா கீது, துண்ணுங்க" என்றார். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மீன் குழம்பு இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா ஓய்வு பெற்று அடையாறில் தங்கை வீட்டோடு போய்விட்டார்கள். நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் பேருந்து ஏறுவேன். என் பேரைச் சொல்லுங்க அம்மா. அவ்வளவுதான். அங்கே போய் உட்கார்ந்ததும் சாக்கடை அடைப்பு, ஒலிபெருக்கி பழுது என்று பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். போன மாதம் கடைசியாகப் போனபோதும் அப்படித்தான். அன்று அவர்கள் மிகவும் இளைத்திருந்தார்கள். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "பின்கதவ இன்னும் நீங்கதான் சாத்துதீங்களா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா."

"நல்ல இடம்யா அது. வெயில் படாது. காத்து நல்லா வரும். எல்லாத்து முதுகும் தெரியும். ஆனா நின்னா காலு வலிக்கும், என்ன?"

"பழகிடுச்சும்மா" என்றேன். மனதில் வேறு எதையோ வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அடக்க ஆராதனை வெள்ளிக்கிழமை நடந்தது. உடலைப் பீடத்துக்கு முன் வைத்திருந்தோம். இடம் இல்லாமல் வெளியே தெருவில் ஆட்கள் நின்றார்கள். ஆனால் உள்ளே சபையார் அத்தனை பேரும் அவரவர் தடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியநாதன் ஐயா போன வருடம் காலமானார். அவருடைய இடத்தில் யாரும் உட்காராமல் காலியாக விட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அம்மா தம் பெயரைச் சொல்லி ஜெபித்ததைச் சாட்சியாகச் சொன்னார்கள். செயலர் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். வருகைக்கு நன்றி சொன்னேன். வண்டிகளை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். வேறொன்றும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்டெல்லா பெருக்க வருவார் என்று சாவியோடு போனேன். பெருக்கி முடித்ததும் பின்கதவைச் சாத்தப் போனவர், துணியால் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வழக்கமாகச் சாயும் கதவு. தோள் உயரத்தில் ஒரு மங்கலும் அதற்குக் கீழே இன்னொரு மங்கலுமாக இருக்கும். "அதை எவ்வளவு துடைச்சாலும் போகாது, ஸ்டெல்லா. வருஷக்கணக்கா என் முதுகு தேய்ச்சது" என்றேன்.

அவர் துணியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மேல கீறதுதான் சார் உங்க முதுகு. கீழ கீறது அம்மா" என்றார்.

"இன்னா சொல்ற?" என் வாயிலிருந்து அவர் பாஷைதான் வந்தது.

"வார்னிஷ் அடிச்ச அன்னிக்கு நானு இங்கதான சார் இருந்தேன். எல்லா எடமும் முடிச்சிகினு கடைசில இங்க வந்து நிப்பாங்க. அன்னிக்கு மட்டும் இல்ல, எல்லா சனிக்கெழமயும். நீங்க நிக்கற மாரியே கதவுல சாஞ்சிகினு. மத்த எடத்துல பேரு சொல்லி வாய் ஓயாம பேசுவாங்க. இங்க மட்டும் வாயத் தெறக்கவே மாட்டாங்க. சும்மா நிப்பாங்க. அதான் ரொம்ப நேரம். நானு எல்லாத்தயும் பெருக்கி, பக்கெட்டு கழுவி வெச்சிட்டு வந்து பாத்தாலும் நின்னுகினே இருப்பாங்க."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார். அம்மாவ ஒரு தபா கேட்டேன், இங்க இன்னாத்துக்கு பேசாம நிக்கறீங்கன்னு. வாக்கு குடுத்துக்கறேன் ஸ்டெல்லான்னாங்க. யாருக்குன்னு சொல்லல."

போனில் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். மேலே இருந்தது வழவழப்பாகத் தேய்ந்த மங்கல், அது என்னுடையது. கீழே, என் மார்பு உயரத்தில், வார்னிஷுக்குள் நூல் நூலாக நெசவு. பெஞ்சுகளில் இருக்கும் அதே நெசவு. ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் அதன் மேல்தான் சாய்ந்து நின்றிருக்கிறேன். அதில் சாய்ந்துகொண்டே, என் பெயர் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஸ்டெல்லா பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்தேன், தரையில், கதவோரமாக. காற்று நன்றாக வந்தது. அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும் என்று போன மாதம் நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜெபம் சொல்லி எட்டு வருடமாகிறது. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. கடைசியில், "ஆண்டவரே, சாராள் தங்கமணி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஒரு பெயரைச் சொன்னாலே போதும் என்று அவர்களிடம் கற்றிருந்ததால் அதோடு விட்டுவிட்டேன். இந்தச் சனிக்கிழமை மறுபடி போகிறேன். முதல் பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால் எவ்வளவு தூரம் ஒத்துழைக்கும் என்று தெரியவில்லை. உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அம்மா, இறந்தவர்களிடம் பேசுவது நம் போதனைக்குச் சரிதானா என்பதைப் புதிய ஆயர் பார்த்துக்கொள்ளட்டும். உங்களிடம் நேரில் சொல்ல எட்டு வருடம் இருந்தது, நான் சொல்லவில்லை. அதை எல்லோரும் படிக்கும்படி இந்தச் சபை இதழில் எழுதிவிடுகிறேன். உங்கள் வாக்கை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன். போய் வாருங்கள். கதவை நான் சாத்திக்கொள்கிறேன். அங்கே போனதும் என் பேரைச் சொல்லுங்கள் அம்மா.

ஜெயசிங்
சபைச் செயலர்